விடுதி வரியைத் தளமே கட்டிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் தங்கள் வீட்டின் ஒரு பகுதியையோ கூடுதலாக வாங்கிய ஒரு வீட்டையோ நாள் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கும் தமிழர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டைத் தயார் செய்வது, விருந்தினரைக் கவனிப்பது ஆகியவற்றை விரிவாக எழுதிய கட்டுரையாளர், வரி என்று வந்தபோது மட்டும், அதையெல்லாம் முன்பதிவுத் தளமே பார்த்துக்கொள்ளும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். டெக்சாஸில் இதே தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில், அந்த வாக்கியத்தை நம்பி யாரேனும் முதலீட்டில் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கே பேச்சு விடுதி வரியைப் பற்றியது, வருமான வரியைப் பற்றியது அன்று. வருமான வரி நம் இலாபத்தின் மீது விழுவது. விடுதி வரியோ விருந்தினர் கொடுக்கும் வாடகையின் மீது விழுவது. அதைச் செலுத்துபவர் விருந்தினர், வசூலித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டியவர் வீட்டுக்காரர். வசூலித்த தொகையை அரசுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பதாகவே டெக்சாஸ் சட்டம் கருதுகிறது. அதை எடுத்து வீட்டுக் கடன் தவணைக்குப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. இவ்விரண்டு வரிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை ஆண்டில் 15 நாட்களுக்கும் குறைவாக வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தைக் கூட்டாட்சி வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்ற விதி உண்மைதான். ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி விடுதி வரியிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவது தவறு. அந்த நாட்களுக்கு விடுதி வரி உண்டா என்பதை மாநிலமும் நகரமும் தத்தம் சட்டப்படி தனியே தீர்மானிக்கின்றன.

விடுதி வரி என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது பெரும்பாலும் பல வரிகளின் அடுக்கு. ஹூஸ்டன் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். மாநில அரசுக்கு 6 சதவீதம், நகரத்துக்கு 7 சதவீதம், நகரம் அமைந்துள்ள ஹாரிஸ் கவுன்ட்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 2 சதவீதம், விளையாட்டரங்குகளைக் கட்டியதற்கான கடனை அடைக்கும் விளையாட்டு ஆணையத்துக்கு 2 சதவீதம் என்று மொத்தம் 17 சதவீதம் ஆகிறது. ஓர் இரவுக்கு 120 டாலர் வீதம் மூன்று இரவுகளுக்கு 360 டாலரும், சுத்தம் செய்யும் கட்டணமாக 60 டாலரும் வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், வரிக்கு உட்படும் தொகை 360 அன்று, 420. ஏனெனில் அறையைச் சுத்தம் செய்து தயாராக்குவதற்காகக் கட்டாயமாக வாங்கும் கட்டணமும் டெக்சாஸில் வாடகையின் ஒரு பகுதியே. ஆக, மாநில வரி 25 டாலர் 20 சென்ட், உள்ளூர் வரிகள் 46 டாலர் 20 சென்ட்.

கட்டுரையாளர் சொன்னதில் பாதி உண்மை என்று நான் கருதுவது இந்த இடத்தில்தான். முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி நிறுவனம் 2017 மே மாதம் முதல் டெக்சாஸின் மாநில விடுதி வரியை விருந்தினரிடம் வசூலித்துத் தானே செலுத்திவருகிறது. ஆனால் மாநில வரியைத் தளம் செலுத்துகிறது என்பதால் நகர வரியையும் கவுன்ட்டி வரியையும் அதுவே செலுத்துகிறது என்று பொருளாகிவிடாது. ஒவ்வோர் ஊருக்கும் ஏற்பாடு தனித்தனி. மாநில வரி மட்டும் தளத்தின் பொறுப்பில் இருக்கும் ஓர் ஊரில், மேற்சொன்ன கணக்கின்படி, ஒரே ஒரு முன்பதிவில் 46 டாலர் 20 சென்ட் வீட்டுக்காரரின் தலையில் நிற்கிறது. விருந்தினரிடம் அதை வாங்கவில்லை என்பது நகராட்சியிடம் எடுபடும் சமாதானம் அன்று. கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். வாரந்தோறும் ஆள் வந்துபோகும் வீடாக இருந்தால் மூன்று மாதத்தில் அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2018-இல் சவுத் டகோட்டா - வேஃபேர் வழக்கில், தன் எல்லைக்குள் கடை இல்லாத இணைய விற்பனையாளரையும் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, இணையச் சந்தை நடத்தும் நிறுவனங்களே வரியை வசூலிக்க வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்கள் சட்டம் இயற்றின என்பதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். அந்தச் சட்டங்கள் முதன்மையாக விற்பனை வரியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. உள்ளூர் விடுதி வரியும் அவற்றுக்குள் வருமா என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறுகிறது. கலிஃபோர்னியாவில் மாநில அளவிலான விடுதி வரி என்று பொதுவாக ஒன்று இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களே 14 சதவீத அளவில் விதிக்கின்றன. ஃபுளோரிடாவில் மாநில விற்பனை வரியோடு கவுன்ட்டியின் சுற்றுலா வளர்ச்சி வரியும் சேர்கிறது. அதைப் பல கவுன்ட்டிகள் தாங்களே நேரடியாக வசூலிக்கின்றன. நியூ ஜெர்சியின் நிலை இன்னும் விசித்திரமானது: 2018 அக்டோபரில் நாள் வாடகை வீடுகளைப் பொதுவாக வரிக்குள் கொண்டுவந்த அம்மாநிலம், கடற்கரை ஊர்களில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2019 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் விடும் உரிமையாளரிடம் நேரடியாக எடுப்பவர்களுக்கு விலக்கு அளித்தது. அதே வீட்டை அதே விருந்தினர் இணையத்தளம் வழியாக எடுத்தால் வரி உண்டு. டெக்சாஸில் அப்படியொரு விலக்கு கிடையாது. சென்ற முறை தளம் வழியாக வந்து தங்கிய குடும்பம் அடுத்த முறை தொலைபேசியில் நேராக அழைத்து நாள் கேட்டால், அந்த வாடகைக்கான வரி முழுவதும், மாநிலத்தின் பங்கு உட்பட, வீட்டுக்காரரின் பொறுப்பாகிறது. தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம் என்று மகிழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை நாள் தங்கினால் வரி என்பதும் நம்மவர்களுக்குக் குறிப்பாகத் தேவைப்படும் செய்தி. மகள் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு மூன்று நான்கு மாதம் பக்கத்திலேயே ஒரு வீடு எடுத்துக் கொடுப்பது இங்கே சாதாரணமாக நடப்பதுதான். டெக்சாஸில் தொடர்ந்து 30 நாட்கள் தங்குபவருக்கு விடுதி வரி இல்லை. ஆனால் 30 நாட்களோ அதற்கு மேலோ தங்கப்போவதாகத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவித்தால்தான் முதல் நாளிலிருந்து விலக்கு. வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டால் முதல் 30 நாட்களுக்கு வரி கட்டியே ஆக வேண்டும். ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வேலைதான், ஆனாலும் அதைச் செய்யாமல் நூற்றுக்கணக்கான டாலரை வீணாக இழப்பவர்கள் இருக்கிறார்கள். இதே எல்லை ஹவாயில் 180 நாட்கள், ஃபுளோரிடாவில் ஆறு மாதம் என்பதால், ஒரு மாநிலத்தில் கேட்டறிந்த விதியை மற்றொரு மாநிலத்துக்குப் பொருத்திப் பார்ப்பது ஆபத்து.

கணக்குத் தாக்கல் செய்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் வரித்தொகை குறைவாக உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அடுத்து வரும் மாதத்தின் 20-ஆம் தேதிக்குள் மாநில வரிகளை வசூலிக்கும் கணக்காயர் (கம்ப்ட்ரோலர்) அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நகரத்துக்கும் கவுன்ட்டிக்கும் தனித்தனியே பதிவும் படிவமும் உண்டு. பதிவு செய்துவிட்டால், விருந்தினர் எவரும் வராத காலாண்டுக்கும் பூஜ்யம் என்று எழுதியாவது படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். உரிய நாளில் மாநில வரியைக் கட்டுபவருக்கு ஒரு சதவீதம் கழிவு தருகிறார்கள். முப்பது டாலர் வரிக்கு முப்பது சென்ட் என்பதைக் கணக்கிட்டால் சிரிப்புத்தான் வருகிறது. தாமதத்துக்கான அபராதமோ 5 சதவீதத்தில் தொடங்கி, 30 நாட்களைத் தாண்டினால் 10 சதவீதமாகிறது. ரசீதுகளையும் முன்பதிவு விவரங்களையும் நான்கு ஆண்டுகளாவது பாதுகாத்து வைப்பது அவசியம். யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. இணையத்தில் உள்ள வாடகை விளம்பரங்களைத் தேடிப் பட்டியலிட்டுத் தருவதற்கென்றே தனியார் நிறுவனங்களைப் பல நகராட்சிகள் அமர்த்தியிருக்கின்றன.

இவ்வளவையும் சொன்ன பிறகு, குற்றம் முழுவதும் வீட்டுக்காரர்களுடையது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தளங்கள் நமக்கு அனுப்பும் பணப்பட்டுவாடா விவரத்தில், விருந்தினரிடம் வாங்கிய வரி எந்த அரசுக்கு எவ்வளவு சென்றது என்பது முதல் பார்வையிலேயே விளங்கும்படி இருப்பதில்லை. அதற்காகத் தனியே ஓர் அறிக்கையைத் தேடி எடுத்து, மாநிலம், கவுன்ட்டி, நகரம் என்று தனித்தனியாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முன்பதிவின் கீழும் "இந்த வரி எங்களால் செலுத்தப்பட்டது, இந்த வரி உங்கள் பொறுப்பு" என்று இரண்டு வாக்கியம் அச்சிடத் தளங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதேபோல, ஒரே வாடகைக்கு மூன்று அலுவலகங்களில் மூன்று படிவம் என்ற நிலையை மாற்றி, மாநில அரசே ஒரே படிவத்தில் வாங்கிப் பிரித்துக் கொடுப்பதில் பெரிய சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை. விற்பனை வரியில் மாநிலத்தின் பங்கையும் உள்ளூரின் பங்கையும் டெக்சாஸ் அரசு அப்படித்தான் ஒன்றாக வசூலித்துப் பிரித்துக் கொடுத்துவருகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், "தளமே பார்த்துக்கொள்ளும்" என்ற வாக்கியத்தைத் திருத்தி வெளியிடுமாறும், வீட்டை விளம்பரப்படுத்தும் முன் மாநில வரி அலுவலகம், கவுன்ட்டி, நகராட்சி ஆகிய மூன்றிடமும் தனித்தனியே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளும்படி வாசகர்களுக்கு அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டெக்சாஸ், அமெரிக்கா.