கடைமடைக் கிளைக்கும் வாருங்கள்: மாநிலத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலக் குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். அந்நிய ராணுவ ஆக்கிரமிப்பை எதிர்த்தும் பாலத்தீன மக்களுக்குத் துணைநின்றும் சர்வதேச ஒருமைப்பாட்டு இயக்கம் நடத்த வேண்டும் என்று நீங்கள் விடுத்த அறைகூவலை எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டது. அதன் நியாயத்தில் எங்களுக்குக் கடுகளவும் ஐயம் இல்லை. ஆனால் அந்த அறைகூவல் நகரத்துப் பேருந்து நிலையத்தோடு நின்றுவிட்டது. எங்கள் ஊர் வாய்க்கால் கரைக்கு வந்து சேரவில்லை. கிளைகளுக்கு நேரில் வாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்தில் ஆர்ப்பாட்டம் நடந்த விவரமும் கலந்துகொண்டோர் எண்ணிக்கையும் அறிக்கையாக உங்களுக்கு வந்திருக்கும். அதில் இடம்பெறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பா நடவு மும்முரமாக நடந்த வாரம் அது. ஒரு நாள் நடவுக்கூலியை விட்டுவிட்டு எங்கள் ஊரிலிருந்து பதினேழு பெண்கள் வேன் ஏறி வந்தார்கள். காலை பத்து மணிக்கு என்று அழைத்திருந்தீர்கள்; பேச வேண்டிய தலைவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பத்து நிமிடம் பேசினார், படம் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். வெயிலில் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில், பாலத்தீனம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்களின் அருகில் அமர்ந்து சொல்ல ஒரு தோழர்கூட வரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கொடுக்கப்பட்ட அட்டைகளில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. அறுபது வயதைக் கடந்த மூத்த தோழர் ஒருவர் தன் அட்டையை என் பக்கம் திருப்பி, “தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். “ஆக்கிரமிப்பை முடிவுக்குக் கொண்டு வா” என்று படித்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்க வீட்டுக் கதவுல ஒட்டுன நோட்டீஸ்லயும் இந்த வார்த்தைதானே இருந்துச்சு?” என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவர் குடியிருப்பது வாய்க்கால் புறம்போக்கில். நாற்பது ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், பட்டா இல்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி வந்த அறிவிப்பில் அவர் பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. டெல்டாவில் நிலமில்லாத ஏழைக்கு அந்தச் சொல் தெரிந்திருப்பது அப்படித்தான். அவரையே அழைத்து வந்து, அதே சொல் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று மணி நேரம் நிற்க வைத்திருக்கிறோம். இதில் என் பங்கும் உண்டு. கிளைச் செயலாளர் நான்தான்.

வேனில் திரும்பும்போது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1967 ஜூன் போரில் இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரையையும் காசாவையும் கிழக்கு ஜெருசலேமையும் பிடித்தது. மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நிலத்தில் இன்றும் வீடு கட்டுவதற்கு அந்த ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; பாலத்தீனர் கேட்டால் அது கிடைப்பது அரிதிலும் அரிது. அனுமதியின்றிக் கட்டினால் புல்டோசர் வரும். பாட்டன் காலத்து நிலத்தில் இருப்பவனை, படையோடு வந்து அமர்ந்தவன் சட்ட விரோதமாகக் குடியிருப்பவன் என்கிறான். நான் இதைச் சொன்னதும் வேனில் பேச்சு அடங்கிவிட்டது. அந்த மூத்த தோழர்தான் மறுபடி கேட்டார்: “அப்ப தண்ணி யாரு கையில இருக்கு?”

கடைமடைக்காரர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். தண்ணீரும் படையின் கையில்தான் இருக்கிறது. 1967 நவம்பரில் பிறப்பித்த 158ஆம் எண் ராணுவ ஆணையின்படி, அனுமதி இல்லாமல் ஒரு பாலத்தீனர் கிணறு வெட்ட முடியாது. மழைநீர்த் தொட்டிகளைக்கூட அனுமதி இல்லை என்று சொல்லி இடித்திருக்கிறார்கள். யோர்தான் ஆறு கண்ணுக்கு எதிரே ஓடுகிறது. அதில் இறங்கித் தண்ணீர் எடுக்க அவர்களுக்கு வழியில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அல்-அவுஜா என்ற ஊர் ஊற்றுத் தண்ணீரில் வாழை பயிரிட்டு வந்தது. அருகே இஸ்ரேலியர் போட்ட ஆழ்குழாய்க் கிணறுகளால் ஊற்று வற்றி, வாழையும் போய்விட்டது. திருவையாற்றுப் படுகையில் வாழைக்கொல்லைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

இதைக் காவிரிச் சிக்கலோடு ஒன்றாக்கிப் பேசுவது தவறு என்பதை நான் அறிவேன். வேனிலும் அதைச் சொன்னேன். கர்நாடகத்து உழவர் நமக்குப் பகைவர் அல்லர். நமக்கு நடுவர் மன்றம் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. தண்ணீர் வராவிட்டால் வழக்குப் போடவும் சாலையில் உட்காரவும் நமக்கு உரிமை இருக்கிறது. ராணுவ ஆணையின் கீழ் வாழ்பவருக்கு, ஆணை போட்டவனிடமே போய் நிற்பதைத் தவிர வேறு போக்கிடம் குறைவு. ஆனாலும் பாசன ஊழியரான லஸ்கர் வந்து மதகைத் தூக்குவாரா என்று நாற்றங்கால் வரப்பில் காத்து நின்றவர்களுக்குப் பாலத்தீனர் படும் பாட்டை அரை மணி நேரத்தில் விளங்க வைக்க முடிகிறது. அந்த அரை மணி நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறோம். கிளைகளுக்கு வாருங்கள்.

வரும்போது துண்டறிக்கையில் விட்டுப்போனவற்றுக்கும் விடையோடு வர வேண்டும். தேநீர்க் கடையில் இளைஞர்கள் 2023 அக்டோபர் 7ஆம் தேதியைப் பற்றிக் கேட்கிறார்கள். அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பலர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். பொதுமக்களைக் கொன்றது குற்றம் என்று நாம் தயங்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான், அதற்குப் பதில் என்று காசாவில் 60,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதை நாம் கண்டிக்கும்போது கேட்பவர் காது கொடுப்பார். வேதாரண்யம் பக்கத்துத் தோழர்களிடம் வேறு கேள்வி வருகிறது: இலங்கையில் யாழ்ப்பாணம் பக்கத்து வலிகாமம் வடக்கில் 1990 முதல் மக்களின் நிலத்தைப் படை பிடித்து வைத்திருந்ததற்கு என்ன பெயர், 1987இல் இங்கிருந்து இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பற்றிக் கட்சி என்ன சொல்லும் என்கிறார்கள். உக்ரைனில் ரஷ்யப் படை நிற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான் என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்னவென்று எங்கள் முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

சர்வதேசம் என்பது இந்த மண்ணுக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. தம்பிக்கோட்டையில் பிறந்த மலேயா கணபதி, மலேயாவில் (இன்றைய மலேசியாவில்) தொழிற்சங்கம் கட்டியவர், 1949 மே மாதம் பிரிட்டிஷ் ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார். கடல் கடந்த தொழிலாளிக்காக உயிரைக் கொடுத்த ஒருவரின் மண்ணில், இன்னொரு நாட்டு மக்களின் துயரத்தைப் பேசத் தயங்குவானேன்?

ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட பாலத்தீனப் பகுதியில் இஸ்ரேல் நீடித்திருப்பது சட்ட விரோதம் என்று கருத்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 124 நாடுகள் ஆதரித்தன; விலகி நின்ற 43 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1988இலேயே பாலத்தீனத்தை அங்கீகரித்த நாடு இது. அந்த ஓராண்டுக் கெடுவும் கடந்துவிட்டது. இதைக் கண்டித்துக் கிளைதோறும் தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்புகிறோம். ஆனால் புரியாத தீர்மானத்தில் அந்தப் பதினேழு பேரிடம் கைநாட்டு வாங்க எனக்கு மனம் இல்லை.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன்: ஒன்றியத்துக்கு ஒரு தோழரையாவது கிளைகளுக்கு அனுப்புங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். தமிழில் எழுதிய ஒரு நிலப்படம் போதும். நடவு முடிந்ததும் எந்த நாளானாலும் மாலை ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூடத் திண்ணையில் கூடுவோம். எந்த நாள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த மூத்த தோழரிடம், அவர் கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். வருகிற தோழர் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார்.

தோழமையுடன்,
கிளைச் செயலாளர்,
விவசாயத் தொழிலாளர் சங்கம்,
கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து, நாகை மாவட்டம்