சந்திப்புச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் அவர்களுக்கும், சங்கத் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம். வராதவர்களுக்கும்தான். யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. மீதி இரண்டு நடக்காததற்கு மே மாதம் வெயிலும் டிசம்பரில் பண்டிகை வேலையும் காரணம். அரசு மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்ப் பழமும் ரொட்டியும் கொடுத்தோம். முதியோர் இல்லத்துக்குப் போர்வை கொடுத்தோம். சபை விருந்தான அசனத்தன்று நம் சங்கத்தார் பந்தி பரிமாறினார்கள். போட்டோவில் உள்ள நிகழ்ச்சிகள் இவ்வளவே.

இனி வியாழக்கிழமை பெஞ்சு. சென்ற பொதுக்குழுவில் பாதி மனதோடு அனுமதி கொடுத்தீர்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஆலயத்தில் குருவானவர் அறையான வெஸ்ட்ரிக்குப் பின்னால் உள்ள தாழ்வாரத்தில் ஒரு பழைய பெஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் டீ. வியாழன் மாலை ஐந்து மணி முதல் ஏழு வரை. மனசு விட்டுப்போனவர்கள் யாரானாலும் வந்து உட்காரலாம், நம் சபையாராக இருக்க வேண்டும் என்றில்லை. ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம். சொல்லாவிட்டால் டீயைக் கொடுத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்போம்.

"சங்கம் டீக்கடை நடத்தவா இருக்கு?" என்று ஓர் அண்ணாச்சி அன்றைக்கே கேட்டார். அன்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சாட் வாரா என்று ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1935இல், உதவிக் குருவாக இருந்த இளம் வயதில், 14 வயதுப் பெண் ஒருத்தியை அவர் அடக்கம் செய்ய வேண்டி வந்தது. வயதுக்கு வந்ததை ஏதோ தீராத நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளை. சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் போதும். அது அவர் மனதை விட்டு அகலவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. நேரில் வந்து காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களையும் அமர்த்தினார். கொஞ்ச நாளில் பார்த்தால், வந்தவர்களில் பலர் அந்த டீக்காரர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, குருவானவரைப் பார்க்காமலே லேசாகித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டார். ஆக அண்ணாச்சி, டீக்கடைதான்.

வேதத்தில் ஆதாரம் கேட்பவர்களுக்கு எலியா தீர்க்கதரிசி இருக்கிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றவரிடம் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. அவர் சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், தூதன் இரண்டாம் தரமும் வந்தான். நாம் துக்க வீட்டுக்கு ஒரு தரம் போகிறோம், அதுவும் காபி வருவதற்குள் கிளம்பிவிடுகிறோம்.

இதை நான் ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று பலருக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒரு பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலையில் வைப்பது என்று நம்மில் சிலர் வாசலில் நின்று பேசினோம். பேசினோம் என்றே எழுதுகிறேன், நானும் அங்கே நின்றேன். அந்தத் தாய் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். 1662ஆம் ஆண்டின் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு இந்த அடக்க ஆராதனை உரியதல்ல என்று ஒரு குறிப்பு உண்டு. அந்தப் புத்தகத்தைப் பார்த்திராதவர்கள் வாயிலும் அந்தக் குறிப்பு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டம் இவ்வளவு இறங்கி வந்துவிட்டது, நாம் இன்னும் மூலை தேடிக்கொண்டிருக்கிறோம்.

எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எழுதித் தரும்படி கமிட்டியில் கேட்டார்கள். தர மாட்டேன். யார் வந்தார், என்ன சொன்னார் என்பது அந்தப் பெஞ்சோடு நிற்கும். சில வியாழன்களில் யாருமே வரவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவரிடம் நம் அங்கத்தினர் ஒருவர் நரகத்தைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார். அவர் பிறகு வரவில்லை. விளக்கியவர் மட்டும் அடுத்த வாரமும் வந்தார்.

என் தவறும் ஒன்று உண்டு. அக்டோபரில் ஒரு வியாழன், நல்ல மழை. இனி யார் வரப்போகிறார்கள் என்று ஆறு மணிக்கே பூட்டிவிட்டேன். ஆறேகாலுக்கு ஒருவர் வந்து நனைந்துகொண்டே நின்றதாகச் சபை ஊழியர் மறுநாள் சொன்னார். யாரென்று விசாரித்துப் போய்ப் பார்த்தேன். நல்லவேளை, இருந்தார். அதிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் பூட்டுவதில்லை.

முறை வைத்துப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். தொடர்ந்து வந்தது இரண்டு அக்காமார் மட்டும். மற்றவர்களுக்கு வியாழக்கிழமை தோறும் கல்யாண வரவேற்பு இருந்திருக்கிறது. இவ்வளவு கல்யாணம் நடக்கும் ஊரில் மனசு விட்டுப்போனவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கின்றன. பொருளாளர் மகள் வீட்டுக்குப் போயிருப்பதால் நோட்டு அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். மாதச் சந்தா 50 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் பாக்கி, மூன்று வருடப் பாக்கியும் உண்டு. பெயர் வாசிக்க வேண்டாம் என்று குருவானவர் சொன்னதால் வாசிக்கவில்லை. டீ, சீனி, பால் செலவு சங்கக் கணக்கில் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை.

குருவானவர், தலைவர், கமிட்டியார், பெஞ்சுக்கு ஆணி அடித்துக் கொடுத்த தச்சர் அண்ணன், சபை ஊழியர் ஆகியோருக்கு நன்றி. இரண்டு அக்காமாருக்கும் தனியாக நன்றி.

வரும் ஆண்டு பெஞ்சுக்கு மேல் ஒரு பல்பு வேண்டும். சுவரில் இரண்டு உதவி எண்களை எழுதிப்போட அனுமதி வேண்டும்: மாநில அரசின் 104, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. நம்மால் தாங்க முடியாததை அங்கே சொல்லி, மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போகவும் ஆள் வேண்டும். எனக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷம், எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை மட்டும் தனியாக முடியாது.

தாழ்வாரச் சாவி சபை ஊழியர் வீட்டு ஜன்னல் ஆணியில் தொங்குகிறது. ஃபிளாஸ்க் என் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்