ஷெல்லியின் தட்டில் இருந்ததும் இலக்கியமே

ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி புலாலை மறுத்து எழுதியதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று முன்பே இரண்டு கடிதங்கள் அனுப்பியிருப்பதால் பின்னணியை மீண்டும் விரிக்கவில்லை. ‘குவீன் மேப்’ நெடுங்கவிதையின் எட்டாம் பகுதியில், தன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் ஆட்டுக்குட்டியை மனிதன் இனிக் கொல்வதில்லை என்று ஷெல்லி எழுதிய இடத்தை நூலகத்தில் தேடிப் படித்து, அவருடைய புரட்சிக் கனவில் உணவுக்கும் இடமுண்டு என என் மாணவி தேர்வில் மூன்று பக்கம் எழுதியிருந்தார். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தோம். மூன்று பக்கத்திலும் குறுக்குக்கோடு. ஓரத்தில், ‘பாடத்துக்குப் புறம்பானது’.

எது புறம்பானது என்று பணிவுடன் கேட்கிறேன். 1812இல், பத்தொன்பது வயதில், டப்ளினில் தங்கியிருந்தபோது மனைவி ஹாரியட்டுடன் புலாலைக் கைவிட்டவர் ஷெல்லி. மறு ஆண்டே, மேற்சொன்ன வரிகளுக்கு எழுதிய நீண்ட குறிப்பை, இயற்கை உணவுக்கு வாதாடும் தனிச் சிறுநூலாகவும் வெளியிட்டார். ஒரு மாட்டைக் கொழுக்கவைக்கச் செலவாகும் விளைச்சலை மண்ணிலிருந்து நேரே எடுத்து உண்டால் அது பத்து மடங்கு உணவாகும் என்றும், இறைச்சியைத் தாராளமாக உண்ண வசதி படைத்தவர்களால்தான் முடிகிறது என்றும் அதில் வாதிடுகிறார். நம் ஊரில் சைவம் என்றதும் பிறப்பும் ஆசாரமும் முன்னே வந்து நிற்கும். ஷெல்லியிடம் முன்னே நிற்பவை நிலமும் பசியும் உடல்நலமும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் அறிவதற்காகவாவது அச்சிறுநூலின் சில பக்கங்களைப் பாடத்தில் சேருங்கள்.

இப்போதுள்ள அறிமுகக் குறிப்பில், 1822இல் படகு மூழ்கி அவர் இறந்ததற்கு ஒரு முழுப் பத்தி உண்டு; உயிரோடு இருந்தபோது உண்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலைக்காற்றைப் பாடிய கவிஞர் காற்றைக் குடித்தே வாழ்ந்தார் என்று மாணவர்கள் நினைத்தால் குற்றம் அவர்களுடையதன்று. ஷெல்லியின் இரண்டாம் மனைவி மேரி ஷெல்லி எழுதி, நீங்களே பாடமாக வைத்துள்ள ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், ஆட்டுக்குட்டியைக் கொல்லாமல் கருவாலிக் கொட்டைகளையும் காட்டுப் பழங்களையும் உண்டே தன்னால் வாழ முடியும் என்று, அறிவியலாளர் ஒருவர் உருவாக்கிய அந்தப் படைப்புயிர் சொல்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால், அது பாடத்துக்குப் புறம்பானது என்றா நான் விடை சொல்வது?

சொல்லில் கடுமை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது சில பக்கங்களைத்தான். வரும் கல்வியாண்டில் அவற்றைச் சேர்த்து, மாணவியின் மூன்று பக்கங்களையும் கோடில்லாமல் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்