பேண்ட் 4 என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் செயற்கைக்கோள் வரைபடம் ஒன்றைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். கீழே ‘பேண்ட் 3, 4 கொண்டு தயாரித்தது’ என்று ஒரு வரி. பேண்ட் என்பது செயற்கைக்கோள் கருவி தனியாகப் பதிவுசெய்யும் ஓர் ஒளி அலைநீளப் பட்டை. எந்தச் செயற்கைக்கோள், எந்த அலைநீளம்? ஒன்றும் இல்லை. ஏரி வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் என்பதால் கண்ணை உறுத்தியது.

நம்முடைய இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளில் உள்ள லிஸ்-3 கருவியில் பேண்ட் 3 சிவப்பு, பேண்ட் 4 அண்மை அகச்சிவப்பு. அமெரிக்காவின் லேண்ட்சாட் 7-லும் அப்படியே. 2013-இல் ஏவிய லேண்ட்சாட் 8-இல் புதிதாக ஒரு பட்டையை முதலிடத்தில் சேர்த்தார்கள். எண்கள் ஒன்று தள்ளிப்போய் பேண்ட் 4 சிவப்பாகிவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2-லும் 4 சிவப்புதான், அகச்சிவப்புக்கு 8-க்குப் போக வேண்டும்.

இதனால் என்ன கெட்டுவிடும்? ஓரிடத்தில் செடிகொடி எவ்வளவு என்று காட்டும் தாவரக் குறியீட்டுக்கு அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். செடி என்றால் பிளஸ், தண்ணீர் என்றால் மைனஸ் வர வேண்டும். லிஸ்-3-க்கு எழுதிய அந்தக் கணக்கை அப்படியே சென்டினல் படத்தில் ஓட்டினால், சிவப்பிலிருந்து பச்சையைக் கழிக்கும். ஆகாயத்தாமரைக்கும் மைனஸ் வரும், தெளிந்த தண்ணீருக்கும் மைனஸ் வரும். ஏரி முழுக்கப் பாசியும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடந்தாலும் படத்தில் நீர்ப்பரப்புதான். கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. அப்புறம் அதைக் காட்டி ‘ஏரி சுத்தமாகிவிட்டது’ என்று யாராவது பேட்டி கொடுப்பார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. லிஸ்-3-இல் பேண்ட் 1 என்று ஒன்று கிடையாது, 2-இல்தான் தொடங்கும். அதன் நான்கு பேண்டுகளையும் ஒரே டிஃப் படக் கோப்பாக அடுக்கினால் பேண்ட் 2 முதலாவது அடுக்காகிவிடும். ஓர் அலுவலகம் எனக்குத் தந்த கோப்பில் அடுக்குகளின் பெயர் வெறும் ‘பேண்ட்_1, பேண்ட்_2’. கருவியின் எண்ணா, அடுக்கின் எண்ணா என்று கேட்டால், தந்தவருக்கே தெரியவில்லை.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படங்களின் விவரங்களை எழுதிவைக்கும் ஸ்டாக் (STAC) என்னும் பொது முறையில் ஒவ்வொரு பேண்டுக்கும் பொதுப்பெயர், மைய அலைநீளம், பட்டையின் அகலம் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. அகலமும் வேண்டும்: சென்டினலின் 8, 8ஏ இரண்டுமே அண்மை அகச்சிவப்பு, ஆனால் முன்னது பல மடங்கு அகலம். அலகைச் சொல்லாமல் விட்டால் அதுவும் வம்பு. ஸ்டாக் மைக்ரோமீட்டரில் 0.665 என்று கேட்கிறது, சென்டினலோடு வரும் கோப்பு நானோமீட்டரில் 665-ஐ ஒட்டிய எண்ணைத் தருகிறது.

2018-இல் இஸ்ரோ ஏவிய ஹைசிஸ் போன்றவற்றில் நூறுக்குமேல் குறுகிய பட்டைகளும் வருமாம் என்றால், அங்கே ‘சிவப்பு’, ‘பச்சை’ என்ற பெயர்கள் எதற்குப் போதும்? அலைநீளம்தான் முகவரி.

ஏரி ஆய்வுக்கு டெண்டர் விடும் அலுவலகங்கள், அலைநீளமும் அலகும் இல்லாத கோப்பை வாங்க மாட்டோம் என்று ஒரு விதி சேர்த்தால் போதும். பில் நிற்கும் என்று தெரிந்தால் ஒப்பந்தக்காரர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வரைபடத் தொழிலாளி,
அல்சூர், பெங்களூரு