1,300 கிலோமீட்டர், மாதம் ஒரு விமானம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி தணிந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகன் செயின்ட் ஹெலினா தீவில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்துவிட்டான், அங்கிருந்து அசென்ஷன் தீவுக்கும் போக வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாய். அன்றிரவே அட்லஸை எடுத்துவிட்டேன். பள்ளியில் நூலை வைத்து அளப்போமே, நினைவிருக்கிறதா? தென் அட்லாண்டிக்கில் அந்த இரண்டு புள்ளிகளையும் நாம் ஒருமுறைகூட அளந்ததில்லை.

இந்த முறை நூல் வேண்டியிருக்கவில்லை. அட்சரேகையில் 8 பாகை வித்தியாசம்; அது 890 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் 9 பாகைக்குச் சற்றுக் குறைவு. அங்கே அது 950 கிலோமீட்டர். நம் கணக்கு வாத்தியார் சொன்ன செங்கோண முக்கோணம்தான், கர்ணம் 1,300 வருகிறது. இந்தத் தீவுகளுக்கு இடையே பறக்கும் எம்ப்ரேயர் 190 ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இரு தீவுகளிலும் கிரீன்விச் நேரமே என்பதால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே. இந்தத் தடத்தில் விமானம் மாதம் ஒருமுறைதான். ஒன்றைத் தவறவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். முன்பு ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா என்ற கப்பல் இந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் எடுத்தது. 2018 பிப்ரவரியில் அதன் சேவை முடிந்துவிட்டது.

செயின்ட் ஹெலினாவில் விமான நிலையம் வந்த கதை என்னை உலுக்கியது. ஒரு பள்ளத்தாக்கையே பாறை கொட்டி நிரப்பி அதன்மேல் ஓடுபாதை போட்டார்கள். 2016இல் சோதனையாக இறங்கியபோதுதான் செங்குத்துப் பாறைகளில் மோதித் திரும்பும் காற்று எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்தது. முதல் பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் தொடங்கியது. கடலுக்கு நடுவே திரும்பிப் போக வேறு நிலையம் அருகில் இல்லாததால், எரிபொருளைத் தாராளமாக ஏற்றிக்கொண்டு பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பறக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அசென்ஷன் நிலையத்தின் பெயர் வைட்அவேக். அங்கே ஏறத்தாழ பத்து மாதத்துக்கு ஒருமுறை கூட்டமாக வந்து கூடு கட்டும் ஆலாப் பறவைக்கு ஊரார் வைத்த பெயர் அது. அமெரிக்கப் பொறியாளர்கள் 1942இல் அந்த ஓடுபாதையைப் போட்டார்கள். பறவைகளின் இடத்தில் போட்டோமே என்று பெயரையாவது விட்டுவைத்தார்களோ என்று தோன்றுகிறது.

ஒன்று மட்டும் மனதை அழுத்துகிறது. செயின்ட் ஹெலினாக்காரர்கள் பலர் அசென்ஷனில் வேலை செய்கிறார்கள். அங்கே யாருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. வேலை முடிந்தால் புறப்பட வேண்டியதுதான். குடும்பம் ஒரு தீவிலும் சம்பளம் மறு தீவிலும் இருக்கும் ஒருவருக்கு, அந்த மாதாந்திர விமானம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார்.

உன் மகனிடம் சொல்: அசென்ஷனில் இறங்க முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைக் கவனிக்கட்டும். அவன் எந்த மாதம் பறக்கிறான் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
வேலு