அந்த இரண்டு விளம்பரங்களைப் பற்றி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வேலை விளம்பரங்களையும் வாசித்தேன். ஒன்றில் யூஐ டிசைனர், அதாவது திரையின் தோற்றத்தை வடிவமைப்பவர். மற்றதில் யூஎக்ஸ் டிசைனர், அதாவது பாவிப்பவரின் முழு அனுபவத்தையும் வடிவமைப்பவர். இரண்டிலும் திரை கீறுகிற ஃபிக்மா மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பதால் எல்லாம் ஒரே வேலைதானே என்று உனக்குப் படுகிறது. இல்லை மனே. மென்பொருளை வைத்துப் பிரிக்காதே. பிழை நடந்தால் எதற்கு ஆர் பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துப் பார்.

கொக்கட்டிச்சோலையில் இருக்கும் வயதான ஒரு அம்மா, டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக் திகதி எடுக்க ஒரு செயலி செய்ய வேண்டும் என்று வை.

யூஎக்ஸ் ஆள் திரை கீறுவதற்கு முன்னமே அந்த அம்மாவின் முற்றத்துக்குப் போய்விட வேண்டும். ‘இப்படி ஒரு செயலி வந்தால் பாவிப்பீங்களா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். வீடு தேடி வந்த பிள்ளையிடம் ஆரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதனால் நடந்து முடிந்ததைக் கேள்: போன முறை திகதி எப்படி எடுத்தீங்க, விடிய எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீங்க, ஆர் கூட வந்தது? அப்போதுதான் கிளினிக் கொப்பி தாயின் கையிலும் போன் மகனின் கையிலும் இருப்பது தெரியவரும். மண்முனைப் பாலத்தால் திரும்பிப் போகிற பஸ் பிடிபடுமா என்பதுதான் அந்த அம்மாவின் உண்மையான கவலை என்பதும் தெரியவரலாம். அப்படியானால் முதல்நாள் பின்னேரம் மகனின் போனுக்குத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் போனாலே பாதி வேலை முடிந்தது. ‘இந்த இடத்தில் திரையே தேவையில்லை’ என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டியவர் யூஎக்ஸ் ஆள்தான். அவர் சொல்லாவிட்டால் வேறு எவரும் சொல்லப்போவதில்லை.

அவர் கையளிப்பது சந்திப்புக் குறிப்புகள், எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்ற ஓட்டப்படம், நிறமே இல்லாத சாம்பல் பெட்டி வரைவு, அதை வைத்துச் செய்த சோதனையின் முடிவு. சோதனைக்கு நூறு பேர் தேவையில்லை. ஒருவர் சராசரியாக 31 சதவீதப் பிழைகளை வெளியே கொண்டுவருவார் என்று எடுத்தால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் அகப்பட்டுவிடும் என்பது பாவனைச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கணக்கு. ஆனால் அது ஒரே மாதிரியான ஆட்களுக்குத்தான். நோயாளரும் தாதியரும் என்று இரண்டு கூட்டம் இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று நாலு பேராவது வேண்டும். பதினைந்து பேரை ஒரேயடியாகப் பிடிக்காமல் ஐந்து பேரோடு பார், திருத்து, மறுபடி ஐந்து பேரோடு பார். ‘இதில எதைப் பிள்ள அமத்துற?’ என்று அவர்கள் கேட்கும்போது விரல் நீட்டிக் காட்டிவிடாதே. ‘நீங்க எதை அமத்துவீங்க?’ என்று திருப்பிக் கேள். நீ ஒருமுறை காட்டிக்கொடுத்தால் அந்தச் சோதனை கெட்டுவிட்டது.

இனி யூஐ. இதை ‘அழகுபடுத்துகிற வேலை’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சாம்பல் பெட்டி உச்சி வெயிலில், கீறல் விழுந்த போனில், கண்ணாடி போடாத கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கணக்கு இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும். வெள்ளையில் #999999 என்ற நிறக்குறியீட்டுச் சாம்பல் 3:1ஐக்கூடத் தொடாது. #767676 வரை கடுமையாக்கினால்தான் மட்டுமட்டாகத் தேறும். விரல் படும் இடத்துக்கு அப்பிள் 44 பொயின்ட் கேட்கிறது, அண்ட்ரொய்ட் 48 டிபி கேட்கிறது; இரண்டும் திரையில் அளக்கிற அலகுகள். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் நிறக்குருடு உள்ளவருக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பக்கத்தில் சொல்லும் வர வேண்டும்.

தமிழில் வேலை செய்யும்போது இன்னும் கவனம். ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்று இரண்டு எழுத்துக்கு அளந்த பட்டனுக்குள் ‘உறுதிப்படுத்துக’ போகாது. வெட்டுப்படும், அல்லது இரண்டு வரியாக உடையும். பட்டனின் அகலத்தைக் கட்டிவைக்காமல், ஃபிக்மாவின் ஓட்டோ லேஅவுட் வசதியில் சொல்லுக்கு ஏற்ப விரிய விடு. மேலே ஏறும் ‘கீ’யின் சுழியும் கீழே இறங்கும் ‘கூ’வின் வாலும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்குக்குக் குறைக்காதே. எழுத்து இடைவெளியையும் கூட்டாதே. ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து தனியே நிற்கும்.

பட்டன் ஒன்றைக் கீறினால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. அமத்தும்போது எப்படி, முடக்கியிருக்கும்போது எப்படி, காத்திருக்கும்போது எப்படி என்று ஒவ்வொரு நிலையும் வேண்டும். காத்திருக்கும் நிலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்னல் இழுபடுகிற இடத்தில் ஒன்றும் அசையாததைப் பார்த்து அந்த அம்மா இரண்டாம் தரமும் அமத்துவார். ஒரே ஆளுக்கு இரண்டு திகதி விழுந்துவிடும்.

இரண்டு வேலையும் முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துப் பார். புதிய அட்டையில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். அந்தப் பெட்டிக்கு வெறும் எண் விசைப்பலகையைத் திறந்துவிட்டால் பழைய அட்டைக்காரர் அதிலேயே நின்றுவிடுவார். பழைய அட்டையோடு இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வது யூஎக்ஸின் பொறுப்பு. சரியான விசைப்பலகையைத் தெரிவுசெய்வதும், ‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதிலாக ‘9 இலக்கமும் கடைசி எழுத்தும் போடுங்கள்’ என்று எழுதுவதும் யூஐயின் பொறுப்பு. பெயர்ப் பெட்டியும் அப்படித்தான். ‘குடும்பப் பெயர்’ என்று கேட்டால் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதுகிற நம் ஆட்கள் எதைப் போடுவார்கள்? முழுப்பெயருக்கு ஒரே பெட்டி போதும்.

யூஎக்ஸ் என்ற பெயரை வடிவமைப்பு அறிஞர் டொன் நோர்மன் 1993இல் அப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். பெட்டியைப் பிரிப்பது முதல் பழுதானால் உதவி கேட்பது வரை எல்லாம் அதற்குள் அடங்கும் என்பது அவர் கருத்து. அந்தக் கணக்கில் யூஐ அதற்குள் ஒரு பகுதி. பகுதி என்பதால் தாழ்ந்த பதவி என்று எடுத்துவிடாதே.

சின்னக் கம்பனிகளில் ஒருவரே இரண்டையும் செய்வார். பெயரில் யூஎக்ஸ் இருக்கும், நாள் முழுக்கத் திரை கீறுகிற வேலையாக இருக்கும். நேர்முகத்தில் இதைக் கேள்: ‘கடைசியாகச் செய்த வேலைக்குப் பாவனையாளர் எத்தனை பேரைச் சந்தித்தீங்க? அதால என்ன மாறினது?’ பதில் இல்லையென்றால் அது யூஐ வேலை. உனக்கு அது பிடிக்குமென்றால் தாராளமாகப் போ. யூஐ என்று போட்டவர்களிடம் தமிழ், சிங்களச் சொற்களை ஆர் எழுதுகிறார்கள், எந்தக் கட்டத்தில் திரையில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேள். ‘கடைசியில மொழிபெயர்ப்போம்’ என்றால் உடைந்த பட்டன்களைத் தைப்பதிலேயே உன் காலம் போகும்.

உன் வேலைத் தொகுப்பில் இருப்பது எல்லாம் முடிந்த திரைகளாக இருக்கிறது. யூஎக்ஸுக்கு அனுப்புவதென்றால் நீ கைவிட்ட வரைவு ஒன்றையும், ஏன் கைவிட்டாய் என்ற நாலு வரியையும் சேர். யூஐக்கு என்றால் ஒரே படிவத்தைத் தமிழில், எல்லா நிலைகளோடும் வை. எதை அனுப்பினாலும் முதலில் உன் போனில் திறந்து, மத்தியானம் வெளியே வெயிலில் நின்று ஒருதரம் வாசித்துப் பார். பிறகு எனக்கு அனுப்பு, எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா