முன்கதை முதல் பாகம் அல்ல: ஒரு சந்தாதாரரின் புகார்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: படத் தொகுப்பில் தவறான பாக எண்கள்

ஐயா / அம்மா,

மூன்று வருடமாக உங்கள் தளத்துக்குக் குடும்பச் சந்தா கட்டி வருகிறேன். போன சனிக்கிழமை என் ஏழு வயது மகளுக்கு முதன்முதலாக, ஏரியல் என்ற கடல்கன்னியின் கதையான டிஸ்னி கார்ட்டூன் படம் 'தி லிட்டில் மெர்மெய்ட்' காட்டலாம் என்று உட்கார்ந்தோம். நான் அடுப்படியில் சோளப்பொரி பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளே 'பாகம் 1' என்று இருந்ததை அழுத்திவிட்டாள். எந்தக் குழந்தையும் அதைத்தான் அழுத்தும்.

ஓடியது 1989-இல் வந்த படம் அல்ல. 2008-இல் அமெரிக்காவில் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக டிவிடியில் வந்த முன்கதை, 'ஏரியல்ஸ் பிகினிங்'. 1989 படம் உங்கள் கணக்கில் பாகம் 2!

முன்கதை மோசம் என்று சொல்லவே இந்தக் கடிதம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஏரியலுக்கு 1989 படத்தில் குரல் கொடுத்த நடிகை ஜோடி பென்சன்தான் இதிலும் குரல் கொடுத்திருக்கிறார், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கதை? ஏரியலின் அம்மா ஒரு இசைப்பெட்டியைக் காப்பாற்றப் போய்க் கொள்ளையர் கப்பலில் அடிபட்டு இறக்கிறாள். அந்தத் துக்கத்தில் ஏரியலின் அப்பா, கடல் ராஜா டிரைட்டன், ராஜ்யத்தில் பாட்டையே தடைசெய்கிறார். "கப்பல்தானேப்பா இடிச்சுது, பாட்டு என்ன பண்ணுச்சு?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பாட்டுக்காக ஏங்கும் படத்தில், கிளப்பில் ஆடிப் பாடும் முக்கியமான பாட்டுகூடப் கலிப்ஸோ எனும் கரீபியத் தீவுப் பாட்டு வகையில் வந்த பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்ததுதான். மூலப்படமோ ஆலன் மென்கனின் இசைக்கும், அவரும் ஹோவர்ட் ஆஷ்மனும் சேர்ந்து எழுதிய பாட்டுக்கும் 2 ஆஸ்கர் வாங்கியது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். உண்மையான சேதம் அப்புறம்தான். முன்கதையின் முடிவில் டிரைட்டன் மனம் மாறி, மகளைப் புரிந்துகொண்டு, பாட்டைத் திரும்பக் கொண்டுவருகிறார். உடனே அடுத்ததைத் தானாக ஓடவிட்டீர்கள். அதில் அதே அப்பா அதே மகளிடம் எரிந்து விழுகிறார், அவள் சேர்த்து வைத்த பொருள்களை எல்லாம் நொறுக்குகிறார். "இவர்தான் திருந்திட்டாரே?" என்கிறாள் இவள். முதல் படத்தில் அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கதையைச் சொல்லாமல் விட்டதுதான் அழகு. ஆரம்பக் கச்சேரியில் சிப்பி திறக்க, உள்ளே ஏரியல் இல்லாமல் போகும் இடம் இருக்கிறதே, நான் சிறுவயதில் வாய்விட்டுச் சிரித்த இடம். அவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பார்த்தால்தான் அது வேலை செய்யும். என் மகள் சிரிக்கவில்லை. அந்த முதல் பார்வையை இனி அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "கதைப்படி இதுதான் சரியான வரிசை சார்" என்றார். முன்கதையை எடுத்தவர்கள் மூலப்படம் பார்த்தவர்களை நம்பித்தானே எடுத்தார்கள்? பிறகு வந்ததைப் பிறகு பார்ப்பதுதான் வரிசை.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வெளியான ஆண்டுப்படி அடுக்குங்கள். நேராக டிவிடிக்கு எடுத்த படம் என்றால் படத்தின் பெயருக்குக் கீழே அதைச் சொல்லுங்கள். குழந்தைகள் கணக்கில் அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். சாட்டில் வரும் தானியங்கிப் பதில் ஏற்கெனவே நான்கு முறை வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்
(சந்தா எண் இணைப்பில்)